அள்ளிப் போடு... ஓடு!

1966, நவம்பர் 4. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். 'சிரியா மாஸ்க்' என்ற பிரமாண்டமான அரங்கம். பெயரைப் பார்த்து மசூதி என்று நினைத்துவிட வேண்டாம். 'ஷ்ரைனர்ஸ்' என்கிற சங்கத்துக்காரர்கள் அரேபிய பாணியில் கட்டி, ஆசை ஆசையாக அப்படிப் பெயர் சூட்டிய ஹால் அது! அன்றைக்கு அங்கே தேர்தல் கூட்டம். கவர்னர் பதவிக்கு நிற்கும் மில்டன் ஷாப் என்பவரை ஆதரித்துப் பேச வந்திருந்தார் டேவிட் லாரன்ஸ். வயது 77. லேசுப்பட்ட ஆள் இல்லை. பிட்ஸ்பர்க் மேயராக நான்கு முறை ஜெயித்தவர். அப்புறம் பென்சில்வேனியா மாநிலத்துக்கே கவர்னராக இருந்தவர்.

அப்பேர்ப்பட்டவர் மேடையில் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது.

கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் ஓடி வந்து உயிரைப் பிடித்து நிறுத்தப் போராடினார். ஆம்புலன்ஸும் வந்தது. அதாவது, அந்த ஊரில் எதை ஆம்புலன்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ அது வந்தது. போலீஸ் வேன்!

மாஜி கவர்னரை அதில் ஏற்றினார்கள். வேன் குலுங்கிக் குலுங்கி ஓட, உள்ளே முதலுதவியை ஒழுங்காகத் தொடர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இதயத்தை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் மூளை? வழியிலேயே ஆக்ஸிஜன் கிடைக்காமல் அது அணைந்து போயிருந்தது. 17 நாட்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, நவம்பர் 21-ம் தேதி லாரன்ஸ் காலமானார்.

ஊரையே ஆண்டவருக்கு இந்தக் கதி என்றால், சாதாரண ஜனங்களுக்கு?

பிட்ஸ்பர்க்கில் அன்றைக்கு இருந்த நடைமுறை ரொம்ப சிம்பிள். யாராவது விழுந்துவிட்டால் போலீஸுக்கு போன் போடவேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் வேனில் வருவார்கள். கித்தான் ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தூக்கிப் பின்னால் போடுவார்கள். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேருமே முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் கிடப்பவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று பார்க்க ஆளே கிடையாது! 'அள்ளிப் போடு, ஓடு' என்பதுதான் மொத்த வைத்தியமும்.

மற்ற ஊர்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? ஈமச்சடங்கு கம்பெனிக்காரர்கள்! காரணம் எளிது. ஒரு மனிதனை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி வண்டி அவர்களிடம்தான் இருந்தது. காலையில் சவ ஊர்தி, மாலையில் ஆம்புலன்ஸ். நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் கம்பெனிக்கு வேலை உண்டு!

அதே 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்து மரணத்தை 'நவீன சமூகம் கண்டுகொள்ளாமல் விட்ட நோய்' என்று அது வர்ணித்தது. 1965-ம் வருடம் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் செத்திருந்தார்கள். அதில் 49,000 பேர் சாலை விபத்துகளில். வியட்நாம் போன்ற போர்முனையில் குண்டடிபட்ட சிப்பாய்க்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அமெரிக்க நகரத் தெருவில் அடிபட்டவனுக்குக் குறைவு என்கிற ரீதியில் அந்த அறிக்கை போட்டு உடைத்தது. அங்கே ஹெலிகாப்டரும், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் உண்டு. இங்கே முன் சீட்டில் இரண்டு பேர்.

இதைப் படித்துவிட்டு நாம் சிரிக்க முடியாது. 2008-ல் தமிழ்நாட்டில் 108 வருகிற வரைக்கும் நாமும் ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, 'சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பா' என்று டிரைவரைத்தானே விரட்டிக்கொண்டிருந்தோம்? இன்றைக்கு 108 வண்டியில் டிரைவரைத் தவிர இன்னொருவர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாரே, அந்த 'இன்னொருவர்' எங்கிருந்து வந்தார் என்பதுதான் இந்த வாரக் கதை.

பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் லாரன்ஸுக்கு சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் டாக்டர் பீட்டர் ஸாஃபர். மயக்க மருந்து நிபுணர். 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். தாய்வழியில் யூத வம்சம். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பிறகு, நாஜி ராணுவத்தில் சேரச் சொல்லி ஸாஃபருக்கு ஓலை வந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஏற்கெனவே தோலில் இருந்த படையை ஒரு களிம்பு தடவி வேண்டுமென்றே கொப்புளமாக்கிக்கொண்டார். 'இந்த ஆளா? வேண்டவே வேண்டாம்' என்று ராணுவம் கைகழுவிவிட்டது! போர் முடிந்ததும் டாக்டரானார், 1949-ல் அமெரிக்கா வந்தார்.

மூச்சு நின்றுபோனவரின் வாயோடு வாய் வைத்து ஊதும் முறை இருக்கிறதே, அது வேலை செய்கிறது என்று 1950-களில் பால்டிமோர் நகரில் நிரூபித்துக் காட்டியவர்களில் ஸாஃபர் முக்கியமானவர். அதுவரை, மயங்கிக் கிடப்பவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துவதும் கையைத் தூக்குவதும்தான் முதலுதவிப் புத்தகங்களில் இருந்தது. ஸாஃபர் நடத்திய பரிசோதனை கொஞ்சம் பயங்கரமானது. டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் தாங்களாகவே முன்வந்து படுத்தார்கள். மயக்கம் கொடுத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைச் செலுத்தி, அவர்களின் மூச்சை நிறுத்திவிட்டார் ஸாஃபர். டாக்டர் படிப்பு படிக்காத சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, 'ஊதுங்கள்' என்றார். ஊதினார்கள். படுத்திருந்தவர்களின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையவில்லை!

அதில் அவர் கற்றுக்கொண்ட இரண்டு பாடங்கள் முக்கியம். ஒன்று, நினைவிழந்தவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கினாலே வழி திறந்துவிடும். இரண்டாவது, இதைச் செய்ய டாக்டர் தேவையில்லை.

(நடுவில் ஒரு குட்டித் தகவல். முதலுதவி வகுப்பில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஊதச் சொல்வார்களே, பார்த்திருப்பீர்கள். 1960-ல் அதை உருவாக்கியவர் நார்வேயைச் சேர்ந்த லேர்டால் என்ற பொம்மை வியாபாரி. அதில் ஸாஃபரின் யோசனையும் உண்டு. பொம்மையின் முகம்? பாரிஸ் நகரின் சேன் நதியில் 19-ம் நூற்றாண்டில் பிணமாக மிதந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம்! உலகத்திலேயே அதிகம் பேர் உதடு பதித்த முகம் அதுதான் என்பார்கள்.)

1966-ம் வருடம் ஸாஃபரின் சொந்த வீட்டிலேயே இடி விழுந்தது. அவர் வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தபோது மகள் எலிசபெத்துக்குக் கடுமையான ஆஸ்துமா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிட்டது. கோமாவில் விழுந்த சிறுமி மீளவில்லை. உலகத்துக்கே மூச்சு கொடுக்கக் கற்றுத் தந்தவரின் குழந்தைக்கு, வழியில் மூச்சு கொடுக்க ஆளில்லை. சில மாதங்கள் கழித்து லாரன்ஸ். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் அந்த இருபது நிமிடத்தை என்ன செய்வது என்பதே ஸாஃபருக்கு வெறியாகிப் போனது.

இப்போது நகரின் இன்னொரு பக்கத்துக்கு வாருங்கள்.

பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்கு வெங்கடாசலபதி கோயில்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோயில் வருவதற்கு முன்பே, அந்த ஊரின் நடுவில் 'ஹில்' என்று ஒரு மேட்டுப் பகுதி இருந்தது. கறுப்பின மக்களின் பேட்டை. ஜாஸ் இசை, கடைகள், சர்ச்சுகள் என்று ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த இடம். 1950-களில் 'நகரத்தை அழகுபடுத்துகிறோம்' என்று கிளம்பினார்கள். ஹில்லின் கீழ்ப் பாதியை இடித்துத் தரைமட்டமாக்கி, பிரமாண்டமான விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். சுமார் 8,000 பேர் வீடிழந்து சிதறினார்கள். அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய மேயர் யார்? சாட்சாத் டேவிட் லாரன்ஸ்தான்!

மிச்சமிருந்த ஹில்லில் வேலை கிடையாது. போலீஸை நம்புகிறவரும் கிடையாது. பாட்டிக்கு நெஞ்சு வலித்தால்கூட போலீஸுக்கு போன் போட யோசிப்பார்கள். போட்டாலும் வண்டி சாவகாசமாகத்தான் வரும், சில நேரம் வராது.

அங்கே 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்று ஓர் அமைப்பு இருந்தது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு ஏதாவது பிழைப்பு தேடித் தருவது அதன் நோக்கம். வண்டியில் காய்கறி கொண்டுபோய் விற்பது மாதிரியான சின்னச் சின்ன வேலைகள். ஃபில் ஹாலன் என்பவர் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் தலைவர். இளமையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அவருக்குத்தான் பொறி தட்டியது. 'காய்கறி ஏற்றுகிற கை நோயாளியை ஏற்றக்கூடாதா?'

ஹாலன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார், ஸாஃபரிடம் அனுப்பினார்கள். டிரைவர்கள் கிடைத்தால் போதும் என்றுதான் ஹாலன் போனார். ஸாஃபர் சொன்ன திட்டத்தைக் கேட்டு அவருக்கே தலை சுற்றியிருக்கவேண்டும். 'டிரைவர் வேண்டாம். நான் அவர்களை ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவையே தெருவுக்குக் கொண்டு போகிறவர்களாக ஆக்கித் தருகிறேன்' என்பதுதான் அதன் சாரம்.

1967-ல் முதல் அணி சேர்ந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், சிலர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். 'இவர்களுக்கு வேலையே கொடுக்க முடியாது' என்று ஊர் முத்திரை குத்திய ஆட்கள். அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, உயிர்மூச்சு, இதயம், பிரசவம், எலும்பு முறிவு, பத்திரமாக வண்டி ஓட்டுவது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களின் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடம். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெறும் முதலுதவி சர்டிபிகேட்கூட இல்லாதவர்கள் ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியையும் ஸாஃபர் விடவில்லை. நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார இடம் வேண்டும், உள்ளே குனியாமல் வேலை பார்க்க உயரம் வேண்டும் என்று அளவு சொல்லிச் செய்ய வைத்தார்.

1968 ஜூலையில் வண்டிகள் தெருவில் இறங்கின.

சரி, ஒரு நிமிடம் நீங்களே அந்த வண்டியில் ஏறிப் பாருங்களேன். இது ஒரு குறிப்பிட்ட மனிதரின் கதை அல்ல. ஸாஃபர் கற்றுக்கொடுத்த முறையை வைத்து நான் கோத்த ஒரு ராத்திரி. உங்களுக்கு வயது 20. வெள்ளை யூனிஃபார்ம், மடிப்பு கலையாமல். முதல் ஷிஃப்ட். நீங்கள் இன்றைக்கு எதையும் செய்ய வேண்டியதில்லை. சீனியர்கள் சொல்வதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஒயர்லெஸ் கரகரக்கிறது. ஹில்லில் ஒரு வீடு. சைரன். செங்குத்தான தெரு. மூன்றாவது மாடி. குறுகலான படி. ஒரு கையில் ஆக்ஸிஜன் சிலிண்டர், இன்னொரு கையில் பெட்டி. இதயம் உங்களுக்கே காதில் அடிக்கிறது.

சமையலறைத் தரையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் மல்லாந்து கிடக்கிறார். பெரிதாகக் குறட்டை விடுகிறார். 'அப்பாடா, மூச்சு இருக்கிறது' என்று நினைக்கிறீர்கள். சீனியர் அப்படி நினைக்கவில்லை. அது குறட்டை இல்லை, நாக்கு அடைத்துக்கொண்ட சத்தம். மண்டி போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்குகிறார். சத்தம் நிற்கிறது. மார்பு ஏறி இறங்க ஆரம்பிக்கிறது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். போலீஸ் வேனில் போயிருந்தால் இதே ஆள் இதே குறட்டையோடு, முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, பின்னால் மூச்சு முட்டிச் செத்திருப்பார்.

'தூக்குங்கள், சீக்கிரம் போகலாம்!' என்று மனைவி அலறுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்துகிறார்கள். உங்களுக்கும் ஓடத்தான் தோன்றுகிறது. ஆனால் சீனியர் ஓடவில்லை. ஆக்ஸிஜன் மாஸ்க். நாடி. ரத்த அழுத்தம். கண் பாப்பா. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சர். இந்த இரண்டு நிமிட நிதானத்தைத்தான் 300 மணி நேரமும் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொள்ளக் கஷ்டமான பாடமும் அதுதான். அவசரத்தில் அவசரப்படாமல் இருப்பது!

வண்டி கிளம்புகிறது. அதிசயம், பறக்கவில்லை. டிரைவர் வளைவுகளில் மெதுவாகத் திருப்புகிறார். பின்னால் ஒருவர் மண்டியிட்டு வேலை பார்க்கிறார் அல்லவா? ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வருகிறார். சீனியர் உங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். 'நீ சொல்.' தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறீர்கள்: எப்படிக் கிடந்தார், எப்போது மூச்சு சீரானது, நாடி எத்தனை, அழுத்தம் எத்தனை. உங்களை வார்டு பையன் என்று நினைத்துத் தாண்டிப் போக இருந்த டாக்டர் நின்று, திரும்பிப் பார்க்கிறார்.

போதும், இறங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்தில் மட்டும் ஃப்ரீடம் ஹவுஸ் வண்டிகள் சுமார் 5,800 அழைப்புகளுக்கு ஓடின. அந்த ஒரு வருடத்தில் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது ஸாஃபரின் கணக்கு. வெள்ளையர் பேட்டைகளில் கதை வேறு மாதிரி. கறுப்புக் கை தன் மீது படக்கூடாது என்று வலியிலும் மறுத்த நோயாளிகள் உண்டு! உயிரைவிட நிறம் பெரிது. நமக்கு இது புரியாத விஷயமா என்ன? நம் கிராமங்களில் நிறத்துக்குப் பதில் வேறொன்று.

ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஜான் மூன் என்ற இளைஞர். பெற்றோரை இழந்து வளர்ந்தவர். ஒருநாள் வெள்ளை யூனிஃபார்மில் இரண்டு கறுப்பினத்தவர்கள் நோயாளியோடு உள்ளே நுழைவதையும், அவர்கள் சொல்வதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பதையும் பார்த்தார். அந்த மிடுக்கு! யார் இவர்கள் என்று விசாரித்தார். பிறகு அவரும் அந்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டுதான் ஓய்ந்தார்.

1974-ல் இவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார் நான்ஸி கரோலைன். பாஸ்டன்காரர், வெள்ளைக்காரப் பெண், வயது 30. தீவிர சிகிச்சை படிக்க ஸாஃபரிடம் வந்தவரை இங்கே அனுப்பிவிட்டார் குரு. ஆஸ்பத்திரியில் கரைகண்ட டாக்டர்தான். ஆனால் தெருவில்? குறுகலான மாடிப்படியில் நோயாளியை எப்படி இறக்குவது, கத்திக்குத்து நடந்த இடத்தில் கூட்டத்தை எப்படி விலக்குவது என்பதெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருவார்கள்? வண்டியில் கூடவே ஏறிக்கொண்டார். ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றினார். முதல் ஷிஃப்டில் இப்போது பயிற்சியாளர், டாக்டரம்மாதான்!

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அம்மணி சரியான கண்டிப்புக்காரி. பசங்களைப் பிழிந்தெடுத்தார். இதயத் துடிப்பின் கோடுகளைப் படிப்பது, மருந்து ஏற்றுவது, மூச்சுக்குழாயில் டியூப் செருகுவது என்று அவர் பயிற்சியை எங்கேயோ கொண்டு போனார். டியூப் செருகுவது மயக்க மருந்து டாக்டர்களின் கோட்டை. அதைத் தெருவிலேயே செய்து காட்டினார் ஜான் மூன். நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பை மத்திய அரசு கரோலைனிடம் கொடுத்தது. அதைச் சோதித்துப் பார்த்த களம் ஃப்ரீடம் ஹவுஸ்.

அதே காலத்தில் மற்ற ஊர்களில் இந்த வேலை தீயணைப்புப் படையின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் புத்திசாலித்தனமான யோசனைதான். தீயணைப்பு நிலையம் ஊருக்குள் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறது, 24 மணி நேரமும் ஆள் இருக்கிறது, தீயோ தினமும் பிடிப்பதில்லை. மாரடைப்புக்கு அப்படி லீவு கிடையாதே! மயாமியில் யூஜின் நேகல் என்ற டாக்டர், தீயணைப்பு வீரர்கள் ஸ்பாட்டிலிருந்தே இதயத்துடிப்பு வரைபடத்தை ரேடியோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி செய்தார். சியாட்டிலில் 1970 மார்ச்சில் 'மெடிக் ஒன்' வந்தது. லியனார்ட் கோப் என்ற இதய நிபுணரும் கார்டன் விக்கரி என்ற தீயணைப்புத் தலைவரும் கைகோத்த திட்டம். முதல் வண்டி ஒரு பெரிய வீட்டு வேனை மாற்றிக் கட்டியது. அதன் உருவத்தைப் பார்த்து வீரர்கள் வைத்த செல்லப் பெயர் 'மோபி பிக்'. திமிங்கிலக் கதையின் பெயரில் பன்றியைச் சேர்த்துவிட்டார்கள்! ஆரம்பத்தில் பயிற்சி பெறும் தீயணைப்பு வீரர்களோடு ஒரு டாக்டரும் அதில் கூடவே போனார்.

1972-ல் 'எமர்ஜென்சி!' என்ற டி.வி. சீரியல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புப் படையின் இரண்டு பாராமெடிக்குகள்தான் ஹீரோக்கள். அமெரிக்காவே அதைப் பார்த்துத்தான் 'பாராமெடிக்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டது. ஹீரோக்கள் இருவரில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. பிட்ஸ்பர்க் பையன்களைப் பற்றி யாரும் சீரியல் எடுக்கவில்லை.

பிட்ஸ்பர்க்கிலேயே ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. 'ஹில்லில் இருக்கிறவர்களுக்கு இவ்வளவு நல்ல ஆம்புலன்ஸா? எங்கள் ஏரியாவுக்கு மட்டும் போலீஸ் வேனா?' நியாயமான கேள்விதான்! அதற்கு நியாயமான பதில், ஃப்ரீடம் ஹவுஸை ஊர் முழுவதும் விரிவுபடுத்துவது. மேயர் பீட் ஃப்ளாஹர்ட்டியின் நிர்வாகம் வேறு முடிவெடுத்தது. நகரமே சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கும், ஃப்ரீடம் ஹவுஸ் ஒப்பந்தம் ரத்து. 1975 அக்டோபரில் ஹில்லின் வண்டிகள் நின்றன.

பழைய ஆட்களை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கரோலைன் பிடிவாதம் பிடித்தார். 'சரி' என்றது நகரம். எடுத்துக்கொண்டது. அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. ஜோடியாக வேலை பார்த்தவர்களைப் பிரித்து வேறு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதிது புதிதாகப் பரீட்சை வைத்தார்கள். பழைய போலீஸ் கேஸ் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். ஊருக்கே பாடம் எடுத்திருக்கவேண்டியவர்களுக்கு மேலே, அனுபவமில்லாத புதிய வெள்ளை இளைஞர்களை உட்கார வைத்தார்கள். தெருவில் மூச்சுக்குழாய் செருகிய ஜான் மூனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? பையைத் தூக்கிக்கொண்டு வருவது! நோயாளியைத் தொடக்கூடாது. முதல் நாள் டிரெய்னி மாதிரி, மறுபடியும்.

மூன் ஒரு சம்பவத்தைப் பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நோயாளியின் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது, பொறுப்பிலிருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது பையோடு நின்ற இவர்தான் முன்னால் வந்து காரியத்தைக் கையில் எடுத்தாராம்.

பலர் வெறுத்துப்போய் விலகினார்கள். சில வருடங்களில் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத்தான் பழைய ஆட்கள் மிஞ்சினார்கள். கரோலைனும் பிட்ஸ்பர்க்கை விட்டு இஸ்ரேல் போய், அந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவைக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். ஹில் தெருக்களில் சுற்றிய அனுபவத்தை வைத்து அவர் எழுதிய பாடப்புத்தகம் 1979-ல் வெளிவந்தது. 'தெருக்களில் அவசர சிகிச்சை' என்று அர்த்தம் வரும் தலைப்பு. புதுப்பித்துப் புதுப்பித்து இன்றும் பாராமெடிக் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். கரோலைன் 2002-லும் ஸாஃபர் 2003-லும் மறைந்தார்கள்.

ஃப்ரீடம் ஹவுஸில் வேலை பார்த்த மிட்செல் பிரவுன், பிற்காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பொதுப் பாதுகாப்பு இயக்குநரானார். அதாவது போலீஸ், தீயணைப்புப் படை இரண்டும் அவருக்குக் கீழே!

ஜான் மூன் மட்டும் பிட்ஸ்பர்க்கை விட்டு அசையவில்லை. பையைத் தூக்கினார், பரீட்சைகளை எழுதினார், படிப்படியாக ஏறினார். உதவித் தலைவர் பதவி வரை போய், 2009-ல் ஓய்வு பெற்றார். அதிகாரியானதும் அவர் செய்த முக்கியமான வேலை, கறுப்பின இளைஞர்களைத் தேடிப் பிடித்து ஆம்புலன்ஸ் வேலைக்குப் பயிற்சி கொடுத்தது. அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் அமேரா கில்கிறிஸ்ட் என்ற பெண். 2023-ல் பிட்ஸ்பர்க் ஆம்புலன்ஸ் சேவையின் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.